சீனி போடாத பயறு

நயினாதீவு,
16.07.1988

அன்புள்ள மகள் நளாயினிக்கு,

அப்பா சுகம். இந்த இரண்டு சொல்லையும் இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நானும் சுகம், பக்கத்து வளவில் மாமியும் சுகம், நீயும் அந்தக் குளிர் ஊரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கிளாஸ்கோவில் இந்த மாதத்திலும் கம்பளிச் சட்டை போடுகிறாய் என்று நீ எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன், வெயில் காலத்தில ஆரும் கம்பளி போடுறதே, அவள் எங்களுக்குப் புளுகிறாள் என்று சிரித்தார். இங்கே சோளகக் காற்று தொடங்கிவிட்டது, கடல் ஒவ்வொரு நாளும் கலங்கித்தான் கிடக்கிறது, படலைக்கு அருகில் நின்ற முருங்கை காற்றுக்கு முறிந்துபோனது, பள்ளிக்கூடத்தில் சோதனைத் தாள்கள் கட்டுக்கட்டாகத் திருத்தாமல் இருக்கின்றன. இதெல்லாம் ஊர்ச் செய்தி, நான் எழுத வந்தது வேறு. எதற்கும் துள்ளிக் குதிக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் முந்தநாள் கிளினிக்கிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, தாள் திருத்த உட்கார்ந்தால் எழும்பிவிடுகிறேன், உனக்கு எழுதி முடித்தால்தான் ஓயும் போலிருக்கிறது. முடிவை முதலே சொன்னால் மிச்சத்தைப் பாய்ந்து பாய்ந்து வாசிப்பாய், அதனால் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

சித்திரையில் கிளினிக் டொக்டர் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன். அப்பாவின் சலரோகம் மாத்திரைக்கு அடங்குவதாகத் தெரியவில்லை, அடுத்த கிளினிக்கிலும் இரத்தத்தில் சீனி இதே அளவில் நின்றால் இன்சுலின் ஊசி தொடங்கத்தான் வேண்டும் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, வேறு ஊரில் இருந்திருந்தால் நானே சரி தொடங்குங்கள் என்றிருப்பேன். நம் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, யாழ்ப்பாணத்தில் வாங்குகிற ஐஸ் நாம் படகேறுகிற குறிகட்டுவான் துறைக்கு வந்து சேருமுன் தண்ணீராகிவிடும், மருந்துப் போத்தலை ஈரமணலில் புதைத்த மண்சட்டிக்குள் வைத்தாவது காப்பாற்றிக்கொள்ளலாம், சண்டை என்று கடற்பாதையை மூடிவிட்டால் என்ன செய்வது. போன வருடம் படகு ஓடாமல் நின்றபோது வடக்குப் பக்கத்து ஆழ்வாப்பிள்ளையருக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஊசி மருந்து முடிந்து, வாங்கிவர வழியில்லாமல், வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தவரைக் கடைசியில் யாரோ துணிந்து வள்ளத்தில் ஏற்றினார்கள், அக்கரை சேருமுன்னே முடிந்துபோனார். அன்று கிளினிக்கிலிருந்து திரும்பி இறங்குதுறையில் காலை வைத்ததும் அப்பா, இஞ்சேரும், ஆழ்வாப்பிள்ளையற்ர பயணம் எனக்கு வேண்டாம், உந்த ஊசி இல்லாமல் என்னெண்டாலும் செய்யும், சோத்தைக் குறைக்கச் சொன்னாலும் குறைக்கிறன் என்றார். சோற்றைக் குறைக்கிறேன் என்று உன் அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, ஆள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரத்தில்தான் உங்கள் ஆய்வுகூடத்தில் அறிந்ததை எழுதிய உன் கடிதம் வந்தது. உண்மையைச் சொன்னால் முதல் வாசிப்பில் நான் அதை நம்பவில்லை. புரதம் சமிபாடடைந்து வருகிற அமினோ அமிலங்களில் சில, இரத்தத்தில் சேர்ந்ததும் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கின்றன, ஆகவே சோற்றுக்கு முன்னே புரதம் வயிற்றுக்குள் போனால், சோற்றின் குளுக்கோசு வந்து சேருகிற நேரத்தில் இன்சுலின் ஆயத்தமாக நிற்கும், வயிறும் சோற்றை மெதுவாகத்தான் கீழே விடும் என்று எழுதியிருந்தாய். நான் கொழும்பில் படித்த காலத்தில் அமினோ அமிலம் என்றால் தசை வளர்க்கிற சரக்கு என்று மட்டும்தான் சொல்லித்தந்தார்கள், அது ஒரு சுரப்பியைத் தட்டி எழுப்பும் என்று யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நாலு பேருக்குச் சரிவந்தது நம் தீவில் ஒரு கிழவனுக்குச் சரிவருமா என்று யோசித்துக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். (கிழவன் என்று எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டமாட்டேன்.) என்னை மறுபடி அதை எடுக்கவைத்தது உன் மூன்றாம் பக்கம். உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் லியூசின், ஐசோலியூசின், வலீன் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கூடி நிற்கின்றன, அவர்களுக்கு இன்சுலின் தாராளமாக இருந்தும் சரியாக வேலை செய்வதில்லை, அந்த மூன்றும் அதற்குக் காரணமா அல்லது அதன் விளைவா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற பிள்ளையின் மிச்சப் பக்கங்களையும் நம்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதிலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன், புரதத்தை அள்ளிப் போடக்கூடாது, வழக்கமாகத் தின்பதிலிருந்து கொஞ்சம் கூட்டி, அதைச் சோற்றுக்கு முன்னே கொண்டுவந்தால் போதும். அப்பாவின் சிறுநீரைக் காய்ச்சி அதில் புரதம் போகிறதா என்று முதலில் பார்த்தேன், கலங்கவில்லை, சிறுநீரகம் நல்லாய்த்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். மாத்திரையில் கை வைக்கவில்லை.

நம்முடைய சாப்பாட்டு வழக்கம் எப்படி என்று நீ மறந்திருக்கமாட்டாய், மீன் என்பது சோற்றை இறக்குவதற்கு, ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு கோப்பை சோறு தின்போம், அந்தத் துண்டையும் அப்பா கடைசி வாய்க்கென்று கோப்பை ஓரத்தில் ஒதுக்கி வைத்துக் காவல் காப்பார். அதைத் தலைகீழாக்கினேன். முதல் நாள் சுறா வறையை மட்டும் போட்டு முன்னே வைத்தேன். சோறெங்கை என்றார். இதை முடியுங்கோ, வரும் என்றேன். சோறில்லாமல் வெறும் மீன் தின்ன நானென்ன கொக்கே என்று கேட்டார். கொக்குக்குச் சலரோகம் வாறதில்லை என்றேன், கோப்பையை இழுத்துவைத்துத் தின்றார். சோற்றைக் குறைக்கச் சம்மதம் என்று அவர் சொல்லியும் நான் குறைக்கவில்லை, இரண்டையும் ஒன்றாய் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் போய்விடும், ஆகவே முன்பு தின்ற அளவையே கிண்ணத்தால் அளந்து போட்டேன். சாப்பிட்டு ஆறி இருந்த பிறகு சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கிப் பார்ப்பேன், பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் செய்து காட்டுகிற அதே சோதனைதான், சீனி இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும், கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கட்டிச் சிவப்பு. அதிபரிடம் சொல்லிக் கரைசலும் சோதனைக் குழாய்களும் எடுத்துவந்தேன். தொடக்கத்தில் எந்த நாள் பார்த்தாலும் செங்கட்டிதான்.

ஒரு நாள் குசினிக்குள் குழாயைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது மாமி வந்துவிட்டார். கமலா, உமக்குப் பட்டம் தந்தவங்கள் குசினியில மூத்திரம் காய்ச்சவே படிப்பிச்சவங்கள் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தபடியால் குழாய் சூடாக்குகிற மதுசார விளக்கை விறகுக் கொட்டிலுக்கு மாற்றிக்கொண்டேன். எழுவைதீவிலிருந்து வள்ளத்தில் மீன் கொண்டுவருகிற பிலிப்புவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது, ரீச்சர் முந்தி இடைக்கிடை மீன் எடுப்பியள், இப்ப நாளாந்தம் எடுக்கிறியள், வீட்டில ஆரும் பிள்ளைத்தாச்சியோ என்றார். ஓம், ஐயாதான் என்று சொல்லிவிட்டேன். பிலிப்பு தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், என் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததை நம்ப எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் அதற்குள் குழாயில் செங்கட்டி மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகி, மஞ்சளாகி, ஒரு வியாழக்கிழமை பச்சையாக நின்றது. மரக்கறிச் சாப்பாடான வெள்ளிக்கிழமை மட்டும் மறுபடி ஏறிவிடும், சனிக்கிழமை இறங்கும். நான் பச்சையைக் கண்ட சந்தோஷத்தில் இருந்தேன், அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றி யோசிக்கவில்லை.

பிறகு அம்மன் கோயிலில் கொடி ஏறியது. கொடி இறங்கும்வரை நம் வீட்டு அடுப்பில் மீனோ முட்டையோ ஏறாது, இம்முறை நம் பகுதியார் பொறுப்பெடுத்து நடத்துகிற நாள் திருவிழாவும் அதற்குள் வந்தபடியால் அப்பா இன்னும் கண்டிப்பாக இருந்தார். பிலிப்பு முதல்நாளே வந்து, கொடி ஏறப்போகுது, இனி என்ர மருந்துக்கடை பூட்டு, ஐயாவைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே சில நாளில் குழாய் செங்கட்டிக்குத் திரும்பியது. கிளினிக் திருவிழா முடிந்த கையோடு வருகிறது. அப்பா கொட்டிலுக்குள் வந்து குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரதத்தை முறிக்கச் சொல்லிக் கேக்கப்போறீரோ என்றார். இல்லை என்றேன். எனக்குக் கொடியில் பெரிய நம்பிக்கை கிடையாது, அவருக்கு இருக்கிற நம்பிக்கையை உடைத்துத்தான் அவரைப் பிழைக்கவைக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அன்று பின்னேரம் கிணற்றடியில் நின்றபோதுதான் விளங்கியது, மீனைச் சமிபாட்டில் உடைத்தாலும் பயற்றை உடைத்தாலும் வருவது அதே அமினோ அமிலங்கள்தான், விகிதம்தான் கொஞ்சம் வித்தியாசம். மீனில் வேறு ஏதோ இருந்து அது வேலை செய்திருந்தால் பயறு உதவாது, நீ சொன்னதுதான் காரணம் என்றால் பயறும் உதவவேண்டும். நான் கேளாமலே திருவிழா எனக்கு ஒரு சோதனையை ஒழுங்குசெய்து தந்திருக்கிறது என்று தண்ணீர் அள்ளுவதையும் விட்டுவிட்டு நின்றேன்.

மத்தியானப் பூசை முடிந்து அப்பா வருகிற நேரம் நான் பள்ளிக்கூடத்தில் நிற்பேன், ஆகவே மாமியிடம் பயறு அவித்துச் சோற்றுக்கு முன் ஒரு சின்னக் கோப்பை கொடுக்கச் சொன்னேன். என்ர தம்பிக்கெண்டால் அவியாமல் விடுவனே என்றார். நான் வந்து குழாயைச் சூடாக்கினால் செங்கட்டி, மறுநாளும் செங்கட்டி, அதற்கு மறுநாள் இதுவரை காணாத அளவு கடும் செங்கட்டி. உன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கணையக் கதை கடல் கடந்து வரவில்லை என்று உனக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் கிழித்துப்போட்டேன். மீனில் கண்டதும் தற்செயலாக இருக்கலாம் என்று நினைக்க நினைக்க எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவர் மண்சட்டி ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவைத்திருந்ததைக் கண்டேன்.

சனிக்கிழமை நான் வீட்டில் நின்றேன். மாமி இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் உள்ள பொட்டு வழியாகக் கோப்பையை மூடிக்கொண்டு வந்தார். திறந்தால் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்த பயறு. மச்சாள், இதுக்குள்ள சீனி போட்டனீங்களோ என்று கேட்டேன். பின்ன, சீனி போடாத பயறை மாட்டுக்கெல்லோ வைக்கிறது, நீர் பயறு எண்டுதானே சொன்னனீர், சீனி வேண்டாமெண்டு சொன்னனீரோ என்றார். சொல்லவில்லை, மகள். நம் ஊரில் அவித்த பயறு என்றால் தேங்காய்ப்பூவும் சீனியும் அதற்குள் அடக்கம், பிறந்த நாள் தொட்டு நானும் அப்படித்தான் தின்று வளர்ந்தேன், ஆனால் மாமியிடம் சொல்லும்போது என் எண்ணம் முழுக்கப் புரதத்தில் இருந்தது, சீனி ஞாபகத்துக்கே வரவில்லை. நீங்களாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று அப்பாவைக் கேட்டேன். நல்ல ருசியாயிருந்தது, ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன் என்றார். ஊசிக்குப் பயந்து மண்சட்டி கழுவி வைத்த மனிதர், நாள்தோறும் ஒரு கோப்பை சீனிப் பயற்றை ருசித்துத் தின்றிருக்கிறார். ஏசத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது, கதிரையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தேன், மாமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அன்றிலிருந்து பயற்றை நானே விடிய அவித்து, உப்புப் போட்டு, செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்து வைத்துவிட்டுப் போனேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடலை, கூடவே கொஞ்சம் தயிர், அதன் பிறகுதான் அளந்த சோறு. மாமி ஒரு வாய் எடுத்துப் பார்த்து, மாடுகள் குடுத்து வைச்சதுகள்தான் என்றார். குழாய் செம்மஞ்சளுக்கு இறங்கியது, மஞ்சளாகியது, பச்சையாகியது. நம் பகுதித் திருவிழாவுக்கு முதல்நாள் சூடாக்கிக்கொண்டு நிற்கிறேன், கொதிக்கிறது, நிறம் மாறவில்லை. இன்னும் கொதிக்கவிட்டேன், நீலம் நீலமாகவே நின்றது. கரைசல் பழுதாகிவிட்டதோ என்று, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து அதோடும் சூடாக்கினேன், உடனே சிவந்தது, கரைசலில் பிழை இல்லை. குழாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன், ஓடினேன் என்று நான் எழுதுவதை நீ நம்பமாட்டாய், மாமி சாட்சி. அப்பா அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், நெடுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். மறுநாள் கோயிலில் பொங்கின சர்க்கரைப் புக்கையில் நுனிவிரலால் தொட்டு வாயில் வைத்துவிட்டு மிச்சத்தை மாமியின் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆனாலும் சிறுநீர் முழுக்கதையையும் சொல்லாது, இரத்தத்தில் சீனி ஓரளவுக்கு மேலே ஏறினால்தான் அதில் தெரியும், ஆகவே கிளினிக் போகும்வரை நான் யாருக்கும் வாய் திறக்கவில்லை. முந்தநாள் கடல் மோசம், படகில் இரண்டு பேரும் நனைந்துபோனோம். டொக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார், பிறகு அப்பாவின் பெயரைப் பார்த்தார், தியாகலிங்கம் நீங்கள்தானே என்று மறுபடி கேட்டார். ஊசி இப்போதைக்குத் தேவையில்லை, மாத்திரையோடு போகலாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். நான் கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டேன். என்ன செய்தனீங்கள் என்று கேட்டார். அம்மாளின்ர கிருபை என்றார் அப்பா, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, பயறும்தான் என்று சேர்த்துக்கொண்டார். நான் உன் கடிதத்தையும் மீன், பயறு, குழாய் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். டொக்டர் கவனமாகக் கேட்டார், அமினோ அமிலம் அப்படிச் செய்யக்கூடியதுதான் என்று ஒத்துக்கொண்டார், பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார், திருவிழாவுக்கு ஐயா என்னத்தில போய்வந்தவர் என்று. நடந்துதான், காலமையும் பின்னேரமும் என்றார் அப்பா பெருமையாக. நடந்தால் தசை குளுக்கோசைத் தானே இழுத்துக்கொள்ளும், இருக்கிற இன்சுலினும் நன்றாக வேலை செய்யும், அதையும் கணக்கில் எடுங்கோ ரீச்சர் என்றார் டொக்டர்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன், கண் முன்னால் மனிதர் நடந்து போய் வந்தது எனக்குத் தெரியவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்தேன். மீன் தின்ற நாள்களில் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை, அப்போதே பச்சை வந்துவிட்டது, சீனிப் பயறு தின்ற நாள்களில் நடந்தும் சிவந்தது, ஆகவே உன் அமினோ அமிலங்களுக்குப் பங்கு இருக்கிறது, அதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன். பச்சையை நீலமாக்கியது பயறா நடையா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, பயற்றைக் கொடுத்துக்கொண்டே அவரை ஒரு மாதம் நடக்கவிடாமல் வீட்டில் இருத்திவைத்துக் குழாயைப் பார்க்கவேண்டும். படித்த படிப்பின்படி அதைத்தான் செய்யவேண்டும், நான் செய்யப்போவதில்லை. இது ஒன்று தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஆய்வுகூடத்தில் இதைச் சொன்னால், இது ஒரே ஒரு ஆளில் கண்டது, அதுவும் கலப்படமான சோதனை என்று சேர்த்துச் சொல்.

நீ பாணும் தேத்தண்ணியுமாகப் பகலைக் கழிக்கிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது, ஒரு முட்டையோ கொஞ்சம் பருப்போ முதலில் உள்ளே போகட்டும், அப்பாவின் இரத்தம்தான் உனக்கும். மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, சீனி விஷயத்தை மட்டும் எழுதாதே, இன்னும் முகம் சரியில்லை. கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும் என்று அப்பா எழுதச் சொன்னார், உன் படிப்பும் உன் மனமும் நேராக நிற்கட்டும் என்று நான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அப்பா யாழ்ப்பாணம் போகிறவர்களின் கையில் கொடுக்க இறங்குதுறைக்கு நடந்து போகப்போகிறாராம், குடையோடு படலையில் நின்று, இஞ்சேரும், எழுதினது காணும், படகு வெளிக்கிடப்போகுது என்று கூப்பிடுகிறார். கலியாணம் முடித்த நாளிலிருந்து தெருவில் நான் அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளித்தான் நடந்திருக்கிறேன். இன்றைக்குப் பக்கத்தில் நடந்து போகலாம் என்று இருக்கிறேன்.

உன் அன்பு அம்மா,
கமலாதேவி